பிள்ளையின் பற்சொத்தை தாயின் வாயிலிருந்து வந்ததா?

பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூன்றரை வயது மகனுக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் பழுப்பேறி அரித்துப்போயிருக்கின்றன. சோற்றின் சூடு பார்க்க அவர் வாய் வைத்த கரண்டியாலேயே ஊட்டியதால்தான் அவருடைய சொத்தைக் கிருமி பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது என்கிறார் மாமியார். மருந்துக்கடையில் கிருமி கொல்லும் திரவம் ஒன்றைக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலமெல்லாம் குன்யா (வெற்றிலைப் பாக்குச் சுருள்) மென்ற மாமனாருக்கு ஒரு பல்கூடச் சொத்தையில்லை, அது எப்படி என்பது இன்னொரு கேள்வி. எல்லாவற்றுக்கும் கடைசியில், போகிற போக்கில், "இரவில் டின் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தால்தான் தூங்குவான்" என்று ஒரு வரி. அம்மா, உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்த வரியில்தான் இருக்கிறது.

நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு. இது என்னால் வந்ததா? கிருமியைக் கொன்றுவிட்டால் தீருமா? கிருமி உங்களிடமிருந்து போயிருக்கலாம்; ஆனால் சொத்தை வந்ததற்கு அது மட்டும் காரணமாகாது. கொல்வதைப் பற்றிக் கேட்டால், வாயில் வாழும் கிருமிகளை அடியோடு அழிக்க யாராலும் முடியாது. முடிந்தாலும் அது பிள்ளைக்கு நல்லதல்ல. நான் ரங்கூனில் பல் மருத்துவம் படித்து, முதலில் அரசு மருத்துவமனையிலும் பிறகு சொந்தச் சிகிச்சையகத்திலும் பிறர் வாயைப் பார்த்தே காலம் தள்ளியவன். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்த்தவன் அல்லன். உங்கள் மகனின் பல்லைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

முதலில் இந்தக் கிருமிகள் யார் என்று பார்ப்போம். 1683ஆம் ஆண்டிலேயே ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக் தன் பல்லிடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ சுரண்டியெடுத்து, தானே செய்த லென்ஸ் வழியே பார்த்து, உயிருள்ளவை துள்ளித் திரிகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பல்லை நன்றாகத் துலக்கும் பழக்கமுள்ள மனிதர் அவர். இன்று மனித வாய்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒருவர் வாயில் அத்தனையும் இருக்காது. சில நூறு இருக்கலாம். நாக்கின் மேல் வாழ்பவை வேறு, கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டுபவை வேறு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே காற்றுப்படாத இடத்தில் ஒதுங்குபவை வேறு. பிறந்த சில மணி நேரத்திலேயே குடியேற்றம் தொடங்கிவிடுகிறது. பல் முளைத்ததும் புதிய கூட்டம் ஒன்று வருகிறது. தோலும் கன்னமும் மேலடுக்கை உதிர்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே ஒட்டிய கிருமிகளும் உதிர்ந்துவிடும்; பல் எதையும் உதிர்ப்பதில்லை. நம் உடம்பில் நிலையான, உதிராத கடினப் பரப்பு வெளியே தெரிவது பல்லில் மட்டும்தான். அதனால் அங்கே அடுக்கடுக்காகப் படலம் கட்ட முடிகிறது. துலக்கிய சில நிமிடங்களில் உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேலோடான எனாமல் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன, அதன்மேல் முதல் கிருமிகள் வந்து உட்காருகின்றன. விரல் நகத்தால் சுரண்டினால் வெண்ணெய்போல் வருகிறதே, அது உணவுத் துணுக்கல்ல. பெரும்பாலும் பாக்டீரியாக்களும் அவை தங்களைச் சுற்றிக் கட்டிய பிசினும்தான்.

இவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. சில நமக்கு உதவுகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், கார்டோனி போன்றவை ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டுத் தம் போட்டியாளர்களை அடக்குகின்றன. கார்டோனி போன்ற சில இனங்கள் உமிழ்நீரில் உள்ள ஆர்ஜினைனை உடைத்து அம்மோனியா உண்டாக்கி அமிலத்தைத் தணிக்கின்றன. வெயோனெல்லா என்ற இனம் மற்றவை கக்கும் லாக்டிக் அமிலத்தைத் தின்று வீரியம் குறைந்த அமிலமாக மாற்றிவிடுகிறது. கிருமி என்றாலே எதிரி என்று நினைத்து எல்லாவற்றையும் கொல்லப் புறப்படுகிறவர்கள் இந்தக் காவலர்களையும் சேர்த்துத்தான் கொல்கிறார்கள்.

பல்லுக்குள் புழு இருக்கிறது என்று நம் ஊர்ப் பாட்டிமார் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொல்வதுண்டு. பாபிலோனியர்களும் அதே புழுவைத்தான் நம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஃபொஷார் என்ற மருத்துவர், தேடிப் பார்த்தேன், புழு இல்லை என்று எழுதும்வரை ஐரோப்பாவிலும் நம்பிக்கை அதுதான். 1890இல் வில்லபி மில்லர் என்ற அமெரிக்கர் பெர்லினில் இருந்தபடி சரியான வழியைக் காட்டினார். வாயிலுள்ள கிருமிகள் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகின்றன, அந்த அமிலம் பல்லின் சுண்ணச் சத்தைக் கரைக்கிறது என்றார். அது இன்றுவரை நிற்கிறது. 1924இல் லண்டனில் கிளார்க், சொத்தைக் குழியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். நீங்கள் கேள்விப்படும் 'சொத்தைக் கிருமி' இதுதான். சுக்ரோஸ் என்னும் சாதாரணச் சர்க்கரை கிடைத்தால் இது இரண்டு வேலை செய்யும். ஒரு பங்கை அமிலமாக்கும். இன்னொரு பங்கைக் கொண்டு குளுக்கான் என்ற பிசினை நெய்து பல்லோடு தன்னை இறுக ஒட்டிக்கொள்ளும். தான் கக்கிய அமிலத்தில் மற்றவை வாடும்போது இது வாடாமல் தொடர்ந்து வேலை செய்யும்.

உங்கள் மாமியார் சொல்வது எங்கிருந்து வந்தது என்றால், 1954இல் அமெரிக்காவில் ஒரு கிருமியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சர்க்கரை உணவே கொடுத்தும் சொத்தை வரவில்லை. 1960 வாக்கில் ஒரு வெள்ளெலியிடமிருந்து இன்னொன்றுக்குச் சொத்தை தொற்றுவதைக் காட்டினார்கள். பிறகு தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே வகை மியூட்டன்ஸ் இருப்பதைக் கண்டு, ஏறக்குறைய ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் அது குடியேறுகிறது என்று 1993இல் ஓர் ஆய்வு வந்தது. அதிலிருந்துதான் 'ஒரே கரண்டியில் ஊட்டாதே, வாயில் முத்தமிடாதே' என்ற அறிவுரை உலகெங்கும் பரவியது. நானும் அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.

அதற்குப் பிறகு தெரியவந்தவை அந்த அறிவுரையின் பலத்தைக் குறைத்துவிட்டன. மியூட்டன்ஸ் நிறைய இருந்தும் சொத்தையே இல்லாத வாய்கள் இருக்கின்றன. அது மிகக் குறைவாக இருந்தும் சொத்தை வந்த வாய்களும் உண்டு; அங்கே லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம், ஸ்கார்டோவியா போன்ற வேறு அமிலக்காரர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். 1990களில் இங்கிலாந்தின் ஃபிலிப் மார்ஷ் ஒரு விளக்கம் தந்தார்: சொத்தை என்பது வெளியிலிருந்து வந்த ஒரு கிருமியின் படையெடுப்பு அல்ல, ஏற்கெனவே வாயில் குடியிருக்கும் கூட்டத்தின் சமநிலை குலைவது. அடிக்கடி சர்க்கரை வந்தால் அடிக்கடி அமிலம் உண்டாகும்; அமிலத்தில் தாக்குப்பிடிப்பவை பெருகும், தாக்குப்பிடிக்காதவை ஒடுங்கும்; அமிலம் இன்னும் கூடும். 2023இல் ஜப்பானின் வாய்ச் சுகாதாரச் சங்கம், பாத்திரங்களைப் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பதால் சொத்தை தடுக்கப்படும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்லிவிட்டது. ஒரே வீட்டில் வாழும் பிள்ளைக்கு வீட்டாரின் கிருமிகள் எப்படியும் வந்து சேரும். நீங்கள் கரண்டியை மாற்றியிருந்தாலும் பாட்டியிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். ஆகவே மாமியாரிடம், "இருக்கலாம், ஆனால் அதனால் அல்ல" என்று சொல்லுங்கள். (சொல்லும் தொனி உங்கள் பொறுப்பு.) உங்கள் வாயில் திறந்து கிடக்கும் சொத்தைகள் இருந்தால் அவற்றை அடைத்துக்கொள்வது உங்களுக்கே நல்லது. பிள்ளைக்கும் பயன்படலாம், எவ்வளவு என்பது உறுதியாகவில்லை.

ஐராவதிப் படுகையில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். களை விதை காற்றிலேயே வரும், அதை யாரும் தடுக்க முடியாது. களைக்கு நாமே நாள்தோறும் உரம் போட்டுவிட்டு, களைக்கொல்லி எங்கே கிடைக்கும் என்று தேடுவதுதான் வேடிக்கை.

இனி அந்த உரத்தைப் பற்றி. 1940களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்கர் சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்து, பல்லின் மேலுள்ள படலத்தில் அமில அளவை நுண்ணிய முனைகளால் அளந்தார். சில நிமிடங்களில் அமிலம் ஏறி, பிஎச் அளவு (அமிலம் ஏற ஏற இந்த எண் இறங்கும்) 5.5க்குக் கீழே போய்விடுகிறது. எனாமல் கரையத் தொடங்குவது ஏறக்குறைய அந்த எல்லையில்தான். பிறகு உமிழ்நீர் வந்து கழுவி, தன்னிடமுள்ள பைகார்பனேட்டால் அமிலத்தை முறிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. அமிலம் தணிந்ததும் கரைந்துபோன கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரளவு திரும்பப் பல்லில் படிகின்றன. நம் எல்லோர் வாயிலும் தினமும் இந்தக் கரைதலும் படிதலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. கரைதல் மிஞ்சும்போது முதலில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடு தெரியும். அந்த நிலையில் திருப்பிவிடலாம். மேற்பரப்பு உடைந்து குழியானபின் எனாமல் மறுபடி வளராது.

ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். ஸ்வீடனின் விப்பெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1945இல் தொடங்கி நடந்த ஆய்வு இதை நிறுவியது. சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களுக்குச் சிறிதளவே சொத்தை கூடியது. சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒட்டும் டாஃபி கொடுக்கப்பட்டவர்களுக்குப் பற்கள் நாசமாயின. சம்மதம் கேட்கக்கூட முடியாத மனிதர்களின் பல்லைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. பாடப்புத்தகங்கள் அந்த வரைபடத்தை அச்சிட்டுவிட்டு அந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரியோடு கடந்துபோவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இதை நம் ஊர்ப் பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். தேநீர்க்கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, டின் பால் தாராளமாக ஊற்றிய தேநீரை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரமும், அதற்கு மேலும் ஒரு மணி நேரமும் பல் அமிலத்தில் ஊறுகிறது. அதே தேநீரை ஐந்து நிமிடத்தில் குடித்து எழுந்தவருக்குச் சேதம் குறைவு. அலுவலகத்தில் காபி மிக்ஸ் பாக்கெட்டை மூன்று நான்கு முறை கரைத்துக் குடிப்பவர்களுக்கும் இதே கதை. சாப்பாட்டுக்கடை மேசைமேல் கிண்ணத்தில் வைத்திருக்கும் பனைவெல்லத் துண்டைப் 'பனைவெல்லம் இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று வாயில் ஒதுக்கிக்கொள்கிறோம். பாக்டீரியாவுக்கு வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றுதான். இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். சாப்பாடு முடிந்த கையோடு மென்று விழுங்கிவிட்டால் போகட்டும், அதற்கே தனி உபத்திரவம் இல்லை. வேலை நடுவே கன்னத்தில் ஒதுக்கிவைத்துக் கரைப்பதுதான் கெடுதல். திஞ்ஞான் என்னும் பர்மியப் புத்தாண்டு நாட்களில் வெல்லத்தை உள்ளே வைத்து உருட்டும் மாவுருண்டையை வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வருவது பல்லைக் கெடுக்காது.

உங்கள் மகனிடம் வருவோம். இனிப்பூட்டிய டின் பாலில் எடைக்கு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் சேர்த்த சர்க்கரை. வெந்நீர் ஊற்றிக் கரைத்தாலும் அது இனிப்புப் பானம்தான். தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது, விழுங்குவதும் குறைகிறது. புட்டியின் ரப்பர் காம்பு நாக்கின்மேல் அமர்ந்திருக்க, பால் மேல்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது. நாக்கடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் மேலே நான்கும் போய், கீழே நான்கும் பளிச்சென்று இருக்கும். உங்கள் வர்ணனை இந்த வடிவத்தோடு அப்படியே பொருந்துகிறது. எனாமல் குறைபாட்டோடு முளைத்த பற்களாகவும் இருக்கலாம் என்பதை நேரில் பார்க்காமல் தள்ளிவிட மாட்டேன்; ஆனால் முதல் சந்தேகம் புட்டிமேல்தான். தாய்ப்பாலைப் பற்றியும் இதே பயம் பலருக்கு உண்டு. ஒரு வயதுவரை தாய்ப்பால் பல்லுக்கு நன்மைதான். அதற்கு மேல் இரவு முழுக்க விட்டுவிட்டுக் குடிக்கும் பிள்ளைகளுக்குச் சொத்தை கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அந்தப் பிள்ளைகள் வேறு இனிப்பும் தின்றிருப்பார்கள் என்பதால் அதைத் தனியாகப் பிரித்தறிவது கடினம்.

மாமனாரின் குன்யாவுக்கு வருகிறேன், ஏனென்றால் இதைக் கேட்காத வீடு இந்த நாட்டில் இல்லை. வெற்றிலை மெல்பவர்களுக்குச் சொத்தை குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். வேறு சில அப்படிச் சொல்லவில்லை. சுண்ணாம்பு அமிலத்தை முறிப்பது, மெல்லும்போது உமிழ்நீர் பெருகுவது, பாக்கு அரைத்து அரைத்துக் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களையே தேய்த்துவிடுவது என்று காரணங்கள் ஊகிக்கப்படுகின்றன. இது சந்தேகத்துக்குரிய பகுதி. உறுதியான பகுதி வேறு: பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்குக்கும் அதே தீர்ப்புதான். வாய் திறக்க முடியாமல் கன்னம் இறுகிப்போவது, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவது எல்லாம் நான் நாள்தோறும் பார்த்தவை. மாமனாருக்குச் சொத்தை இல்லாமல் இருக்கலாம். அவரைக் கூட்டிக்கொண்டு போய் நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் ஒருமுறை காட்டுங்கள். ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

மருந்துக்கடைத் திரவத்தை மகனுக்குக் கொடுக்காதீர்கள். ஆறு வயதுக்குள் பிள்ளைகள் அதை விழுங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிகொல்லித் திரவம் ஈறு வீக்கத்துக்குச் சில நாள் உதவும். சொத்தையைத் தடுப்பதில் அதன் சாதனை பலவீனம், பல்லில் கறையும் ஏற்றிவிடும். படலத்தின் அடியில் இருப்பவற்றைத் திரவம் சரியாக எட்டாது, எட்டியவையும் சில மணி நேரத்தில் மீண்டும் பெருகிவிடும். சைலிட்டால் மிட்டாய், நல்ல பாக்டீரியா மாத்திரை எல்லாம் ஆர்வமூட்டுகின்றன; காசு கொடுத்து வாங்கச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை. சொத்தைக்குத் தடுப்பூசி செய்யப் பல பத்தாண்டுகளாக முயல்கிறார்கள், இன்னும் நடைமுறைக்கு எதுவும் வரவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஃபுளூரைடுதான். அது பல்லில் படிந்தால் அமிலம் ஏறி பிஎச் 4.5 அளவுக்கு இறங்கினால்தான் கரையும் வகையான கனிமம் உருவாகிறது, இழந்த சத்து திரும்பப் படிவதும் வேகமாகிறது. பற்பசைக் குழாயின் பின்னால் பொடி எழுத்தில் ஃபுளூரைடு அளவு போட்டிருக்கும். ஆயிரம் பிபிஎம் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மூலிகை என்று எழுதிய பலவற்றில் அது இருப்பதே இல்லை. மூன்று வயதுவரை அரிசி மணியளவு, அதற்குமேல் பட்டாணியளவு. காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. நுரையைத் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃபுளூரைடும் போய்விடும். ஏழெட்டு வயதுவரை நீங்களே துலக்கிவிடுங்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது பொய்யில்லை, குச்சி படலத்தைத் தேய்த்தெடுக்கும். ஆனால் அதில் ஃபுளூரைடு கிடையாது. கரியும் உப்பும் எனாமலைத் தேய்க்கும், வேண்டாம்.

புட்டியை ஒரே இரவில் பிடுங்கினால் வீடே தூங்காது. ஒவ்வோர் இரவும் பாலைச் சிறிது குறைத்து நீரைச் சிறிது கூட்டுங்கள். சில வாரத்தில் வெறும் தண்ணீராகட்டும். வெறும் தண்ணீருக்கு எந்தப் பிள்ளையும் ரொம்ப நாள் அழுவதில்லை.

பால்பல்தானே, விழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டும். வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் ஊனப்படலாம். பல் மருத்துவரிடம் சில்வர் டையமின் ஃபுளூரைடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி, துளைப்பான் எதுவும் இல்லாமல் தூரிகையால் தடவும் திரவம். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலான குழிகளை அங்கேயே நிறுத்திவிடும். அந்த இடம் கறுப்பாகிவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டியிருக்கும். முன்பல் கறுப்பாவது பிடிக்காத பெற்றோர் உண்டு. மூன்றரை வயதுப் பிள்ளையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். நரம்புவரை போய்விட்ட பல்லுக்கு இது உதவாது. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஈறில் கொப்புளம் தெரிந்தாலோ அன்றே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆறு வயதை ஒட்டி இன்னொன்றைக் கவனியுங்கள். கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, மேலும் கீழும் இருபுறமும் ஒவ்வொரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். பல பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுக்க வேண்டிய பல். அதன் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கும், முளைத்து முடிவதற்குள்ளேயே சொத்தை பிடித்துவிடும். முளைத்தவுடன் அந்தப் பள்ளங்களைப் பிசின் பூச்சால் மூடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பால்பல்லில் சொத்தை வந்த பிள்ளைக்கு நிரந்தரப் பல்லிலும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது, புட்டியை நிறுத்தவும் பசையை மாற்றவும் அது தாராளம்.